சந்துக்குள் நுழையாத கோழிக்கூண்டு

ஜூன் 14, சனி

லென்ஸ் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி இது. இத்தனை நாள் என் கண்ணாடிக் கடை மேசையில் பில் பறக்காமல் இருக்கப் பாரமாக வைத்திருந்தேன். இன்று முதல் கோழிக்கூண்டு கட்டும் வேலையை இதில் குறித்து வைக்கப் போகிறேன். நாளைக்கே பெருந்துறையில் வேறு எவனாவது கூண்டு கட்ட ஆசைப்பட்டால், நான் செய்யும் தப்புகளையாவது செய்யாமல் இருப்பான்.

கோழி வளர்ப்பது முட்டைக்காக. வேறு காரணம் எதுவும் இல்லை. இதை ஏன் எழுதி வைக்கிறேன் என்றால், வளர்மதி காலையிலிருந்து என்னை ஒரு மாதிரி பார்க்கிறாள். கல்யாணம் ஆன நாளாக ஒரு தொட்டிச் செடிக்குக்கூடத் தண்ணீர் ஊற்றாத ஆள், திடீரென்று கோழி என்று கிளம்பினால் எந்தப் பெண்டாட்டியும் அப்படித்தான் பார்ப்பாள்.

மாமா வந்திருக்கிறார். வளர்மதியின் அப்பா, பெயர் சென்னியப்பன். வெள்ளகோவிலில் ஒரு ஜவுளிக்கடையில் காலமெல்லாம் சேலை எடுத்துப் போட்டவர். அத்தை போன பிறகு அங்கே தனியாக இருந்தார். போன வாரம் கோயமுத்தூரில் அவருக்குக் கண்புரை ஆபரேஷன். சொட்டு மருந்து விட ஆள் வேண்டுமே என்று இங்கே கூட்டி வந்தோம். கண் ஆறிக் கண்ணாடி போட்டதும் நேராக ஓசூருக்கு, மகன் மகேந்திரன் வீட்டுக்குப் போய்விடுவாராம். வெள்ளகோவில் வீட்டைக் காலி செய்தாயிற்று.

காலை டிபன் சாப்பிடும்போது சொன்னேன்.

"இங்கயே இருந்துருங்க மாமா."

"அதெப்படிங் மாப்ள? பையன வெச்சுக்கிட்டுப் பொண்ணு ஊட்ல உக்காந்தா நாலு பேரு என்னங் சொல்லுவாங்க? அவனுக்குத்தானுங் அசிங்கம்."

கேட்ட கலரில் சேலை இல்லை என்பதை வாடிக்கையாளர் மனம் நோகாமல் சொல்கிற அதே குரலில் சொன்னார். வளர்மதி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். எதுவும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் அது சின்ன விஷயம் அல்ல.

அதற்குப் பிறகுதான் எனக்குக் கோழி ஞாபகம் வந்தது. முட்டைக்காகத்தான்.

ஜூன் 15, ஞாயிறு

யூடியூபில் நிறையப் பார்த்தேன். எல்லோரும் ஒரு நாளில் கூண்டு கட்டிவிடுகிறார்கள். நமக்கு அவ்வளவு அவசரம் இல்லை.

மாமாவிடம் ஒத்தாசை கேட்டேன். "எனக்கும் ஒன்னுந் தெரியாதுங் மாப்ள. எங்கூட்ல கோழி கொழம்புலதான் வந்துருக்குது" என்றார். ஆனால் முகம் மலர்ந்துவிட்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

நாலு கோழிக்கான கூண்டு. தரையிலிருந்து தூக்கி நாலு கால் வைத்து, முன்பக்கம் கம்பி வலை, பின்பக்கம் பலகை அடைத்த அறை, உள்ளே கோழி ஏறி உட்காரக் குறுக்குக் கம்பு, மேலே தகரம். ஆறடி நீளம், நாலடி அகலம். ஒரு பில்லின் பின்பக்கம் வரைந்து காட்டி, சரியா மாமா என்று கேட்டேன். "நீங்க போட்டாச் சரியாத்தானுங் இருக்கும்" என்றார். கதவு எந்தப் பக்கம் என்றேன். "உங்க இஷ்டமுங்."

இதுதான் எங்கள் இருவரிடமும் உள்ள சிக்கல். அவர் மாப்பிள்ளை பேச்சை மறுக்க மாட்டார். நான் மாமனார் பேச்சை மறுக்க மாட்டேன். நான் கடையிலிருந்து வந்தால் அவர் எழுந்து நிற்பார். அவர் நிற்கும்போது நான் எப்படி உட்காருவது? "ரெண்டு பேரும் பஸ்ஸுக்கா நிக்கறீங்க?" என்று வளர்மதி தினமும் கேட்கிறாள்.

ஜூன் 18, புதன்

மரக்கடையில் ரீப்பர் கட்டை வாங்கி வந்து போர்டிகோவில் போட்டேன். பின்னால் கொல்லையில் காற்றும் புழுதியும் அதிகம், மாமாவின் கண்ணுக்கு ஆகாது. அதனால் வேலை முழுக்கப் போர்டிகோவில்தான். மாமா ஆஸ்பத்திரிக் கறுப்புக் கண்ணாடியோடு நாற்காலியில் உட்கார்ந்து கட்டையைப் பிடித்துக்கொள்ள, நான் ரம்பம் இழுத்தேன்.

நான் டேப் வைத்து அளந்தேன். மாமா பழக்க தோஷத்தில் மூக்கிலிருந்து விரல் நுனி வரை கையை நீட்டி அளந்தார். இரண்டு அளவும் ஒத்துப்போகவில்லை. "டேப்புதானுங் சரி" என்றார் அவர். "உங்க கைதான் மாமா சரி, இது பழைய டேப்பு" என்றேன் நான். கொஞ்ச நேரம் இப்படியே போனது. கடைசியில் யாருக்கும் மனத்தாங்கல் வேண்டாம் என்று, இரண்டு கோட்டுக்கும் நடுவில் அறுத்தோம்.

ஜூன் 22, ஞாயிறு

சட்டம் எழுந்து நின்றது. மூன்று காலில் நின்றது. நாலாவது கால் தரையைத் தொடவில்லை. அதன் அடியில் செங்கல் துண்டு ஒன்றைச் செருகினோம். மாமா நாலு பக்கமும் சுற்றி வந்து, "அம்சமா இருக்குதுங்" என்றார்.

பக்கத்து வீட்டு ஜமுனா அக்கா மதில்மேல் எட்டிப் பார்த்து, "ஏனுங் பூபதி, பொட்டிக்கடை வெக்கறீங்களா?" என்று கேட்டார். கோழிக்கூண்டு என்றேன். அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் இறங்கிக்கொண்டார்.

வந்த புதிதில் மாமா இரண்டு இட்லியோடு கையைக் கழுவிவிடுவார். பெண் வீட்டில் வயிறாரச் சாப்பிடக் கூச்சம். இன்று தானாகவே, "இன்னொன்னு போடு சாமி" என்று வளர்மதியிடம் கேட்டார். கோழி வேலை பசி எடுக்கிற வேலை.

ஜூன் 25, புதன்

ஓசூரிலிருந்து மகேந்திரன் போன். அப்பாவுக்கு ரூம் தயாராம், கட்டில் வாங்கிவிட்டானாம். நல்ல பையன்தான்.

ஜூன் 29, ஞாயிறு

இன்று நடந்ததை விவரமாக எழுத வேண்டும்.

காலையில் கம்பி வலையை அடித்து முடித்தோம். தகரமும் ஏறியது. கூண்டு முழுசாகப் போர்டிகோவில் நின்றது. இனி அதைத் தூக்கிப் பின்னால் கொல்லைக்குக் கொண்டுபோக வேண்டியதுதான். மாமா பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால், தெருமுனை டீக்கடையிலிருந்து மூன்று பேரைக் கூட்டி வந்தேன். ஆளுக்கொரு மூலையாகத் தூக்கி, வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவில் இருக்கும் சந்து வரை கொண்டு போனோம்.

சந்தில் ஓர் ஆள் நடந்து போகலாம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகலாம். நாலடி அகலக் கூண்டு போகாது.

டீக்கடை ஆள் ஒருவர் கூண்டைக் கீழே வைத்துவிட்டு, "இத எப்படிங்ணா உள்ள கொண்டு போலாம்னு இருந்தீங்க?" என்று கேட்டார். கிண்டல் இல்லை. தெரிந்துகொள்ளும் ஆசை. நான் மாமாவைப் பார்த்தேன். மாமா என்னைப் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரிஞ்சுதா மாமா, இது போகாதுன்னு?"

"சட்டம் அடிக்கறப்பவே ஒரு சந்தேகமுங். மாப்ள ஏதோ யோசன வெச்சிருப்பாருன்னு இருந்துட்டனுங். உங்களுக்குங்?"

"எனக்கும் போன வாரமே தோணுச்சுங் மாமா. நீங்க ஒன்னும் சொல்லலையே, உங்களுக்கு ஒரு வழி தெரிஞ்சிருக்கும்னு நெனச்சுட்டேன்."

வளர்மதி வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். வாயில் முந்தானையை வைத்து அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவளைப் பார்த்து டீக்கடை ஆட்கள் சிரித்தார்கள், மதிலுக்கு அந்தப் பக்கம் ஜமுனா அக்கா சிரிப்பதும் கேட்டது. மாமாவும் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். அத்தை போன பிறகு வளர்மதி இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

வீட்டு வழியாகவும் போகாது. வாசற்கதவும் குறுகல். ஆக, கூண்டை முழுக்கப் பிரித்து, கட்டை கட்டையாகப் பின்னால் கொண்டுபோய் மறுபடி கட்ட வேண்டும். அதற்கு எத்தனை நாள் ஆகும் என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். பார்த்தால் மாமாவும் விரலை மடக்கிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் வருத்தம் எதுவும் தெரியவில்லை.

ஜூலை 4, வெள்ளி

கோயமுத்தூர் ஆஸ்பத்திரி. கண் சுத்தமாக ஆறிவிட்டது, பவர் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். புழுதிக்கும் இனிப் பயமில்லை. மருமகன் கண்ணாடிக் கடைக்காரன் என்று மாமா டாக்டரிடம் பெருமையாகச் சொன்னார். லென்ஸுக்கு ஆர்டர் போட்டேன். அதுவரை படிக்கக் கடையிலிருந்து ஒரு ரெடிமேட் கண்ணாடி கொடுத்திருக்கிறேன்.

ஜூலை 6, ஞாயிறு

பிரிக்கிற வேலை. கட்டுவதைவிட இது நன்றாக வருகிறது எனக்கு. பிடுங்கிய ஆணியெல்லாம் வளைந்திருந்தது. மாமா கொல்லையில் ஒரு கல்லைப் போட்டு உட்கார்ந்து ஒவ்வோர் ஆணியாகத் தட்டி நிமிர்த்தினார். புது ஆணி வாங்கிக்கலாம் மாமா என்றேன். "இருக்கட்டுமுங், பொழுது போகோணுமல்லங்" என்றார்.

பிறகு ஆணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஓசூர்ல மூணாவது மாடிங் மாப்ள. காத்தால பையனும் மருமவளும் வேலைக்குப் போனாப் பொழுது சாஞ்சுதானுங் வருவாங்க. டிவி இருக்குதுங். பெரிசு."

அவர் அடுத்த ஆணியை எடுத்துக்கொண்டார்.

ஜூலை 9, புதன்

மாமாவின் லென்ஸ் வந்துவிட்டது. பிரேமில் மாட்டிக் கொடுக்க வேண்டும். கடையில் வேலை அதிகம், மேசை டிராயரில் வைத்திருக்கிறேன்.

ஜூலை 10, வியாழன்

"லென்சு வந்துருச்சுங்களா மாப்ள?" என்று காலையில் கேட்டார்.

கம்பெனியில் தாமதம் என்றேன். தொழில் என்றால் ஆயிரம் இருக்கும்.

"அவசரமில்லீங். கூண்டு முடியட்டும்" என்றார்.

மதியம் வளர்மதி கடைக்குச் சாப்பாடு கொண்டு வந்தாள். ஸ்பூன் எடுக்க டிராயரைத் திறந்தவள் கண்ணில், அவள் அப்பா பெயர் எழுதிய லென்ஸ் கவர் பட்டுவிட்டது. எடுத்துப் பார்த்தாள். இருந்த இடத்திலேயே வைத்து டிராயரைச் சாத்தினாள். "சாம்பார்ல உப்புப் பத்துதுங்களா?" என்று கேட்டாள். சரியாக இருக்கிறது என்றேன்.

ஜூலை 13, ஞாயிறு

கூண்டு மறுபடி நின்றுவிட்டது. கொல்லையில், முருங்கை மரத்துக்குப் பக்கத்தில். அகலத்தை மூன்றடியாகக் குறைக்கலாமா என்று இருவரும் ஒருவரை ஒருவர் கேட்டு, ஒருவருக்காக ஒருவர் விட்டுக்கொடுத்து, கடைசியில் பழைய அளவிலேயே கட்டினோம். ஒரு கால் இப்போதும் செங்கல்லில்தான் நிற்கிறது.

ஜூலை 14, திங்கள்

கடையை மதியம் வரை பூட்டிவிட்டு, இருவரும் சந்தைக்குப் போய்க் கோழி வாங்கினோம். நல்ல கோழியை எப்படிப் பார்ப்பது என்று இருவருக்கும் தெரியாது. வியாபாரி றெக்கையை விரித்துக் காட்டினார், காலைத் தூக்கிக் காட்டினார், நாங்கள் தலையை ஆட்டினோம். பிறகு மாமா தனக்குத் தெரிந்த வழியில் இறங்கினார். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "இந்த அரக்குக் கலரு நல்லாருக்குதுங். இதுக்குப் பக்கத்துல அந்த மாம்பழ மஞ்சள் எடுப்பா இருக்கும்" என்றார். வியாபாரி இப்படிக் கோழி வாங்கியவர்களைப் பார்த்திருக்க மாட்டார்.

அரக்கு, மாம்பழம், சாம்பல், கருப்பு. நாலும் வீடு வந்து சேர்ந்தன. அவற்றுக்குப் பெயரும் அதுவே ஆகிவிட்டது. மாமா பொழுது சாயும் வரை கூண்டு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கொல்லையில் யாரோடு பேசுகிறார் என்று எட்டிப் பார்த்தேன். மாம்பழத்தோடு பேசிக்கொண்டிருந்தார்.

ஜூலை 16, புதன்

மாமா கூண்டுக் கதவின் கொண்டியைப் போடுவதற்கு முகத்தைக் கம்பி வலைக்குக் கிட்டே கொண்டுபோய்த் தடவித் தடவித் தேடுவதை இன்று காலை பார்த்தேன். கடைக்குப் போனதும் முதல் வேலையாக லென்ஸை எடுத்து மாட்டினேன். அரை மணி நேர வேலை. இதற்கு இத்தனை நாள் நேரமில்லை என்று இருந்திருக்கிறேன்.

கண்ணாடியைப் போட்டதும் மாமா கொல்லைக்குப் போனார். கூண்டைப் பார்த்தார். பின்வாங்கி நின்று இன்னொரு முறை பார்த்தார்.

"ஏனுங் மாப்ள, இது இத்தன கோணலாவா இருந்துச்சு?"

"ஆமாங் மாமா."

"அடக் கெரகமே" என்று சொல்லிக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "கண்ணு நல்லாத் தெரியுதுங். அப்ப ஞாயித்துக்கெழம கெளம்பறனுங்" என்றார்.

மறுபடி கேட்டுப் பார்த்தேன். வளர்மதியும் பக்கத்தில் நின்றாள்.

"பெரிய மனசுங் உங்களுக்கு. ஆனா விருந்தாளியா வந்தவன் விருந்தாளியாப் போகோணும் மாப்ள. அதுதான் எல்லாத்துக்கும் மரியாத."

எழுதிவிடுகிறேன், இதை யாரும் படிக்கப் போவதில்லை. முட்டைக்காக இல்லை. அவர் இருந்தால் வீடு நன்றாக இருக்கிறது. கடையிலிருந்து வரும்போது வாசலில் ஒருவர் எழுந்து நிற்பது எனக்குப் பிடித்திருக்கிறது. எங்கள் அப்பா நான் சின்னப் பையனாக இருக்கும்போதே போய்விட்டார். ஒரு பெரியவரோடு சேர்ந்து ஆணி அடிப்பது எப்படி இருக்கும் என்று எனக்கு இந்த ஒரு மாதமாகத்தான் தெரியும். அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவ்வளவு மரியாதை நடுவில் கிடக்கிறது.

ஜூலை 18, வெள்ளி

ஆடி பிறந்துவிட்டது, காற்று தொடங்கிவிட்டது. கூண்டுத் தகரம் நாள் முழுக்க அடித்துக்கொண்டது. மேலே இரண்டு கல் வைத்தேன். வளர்மதி முறுக்குச் சுட்டாள், ஓசூருக்குக் கொடுத்துவிட.

ஜூலை 20, ஞாயிறு

காலை பத்து மணி பஸ். மாமா குளித்து, வெள்ளை வேட்டி சட்டையில், புதுக் கண்ணாடியோடு தயாராக இருந்தார். பையும் முறுக்கு டப்பாவும் போர்டிகோவில்.

நான் கொல்லைக்குப் போய்க் கோழிக்குத் தீனி வைத்துவிட்டு வந்தேன். மனம் வேறெங்கோ இருந்தது. கொண்டியைப் போடவில்லை. வேண்டுமென்று விட்டதில்லை, இதை நான் எங்கு வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். காற்று ஒரு அடி அடித்தது, கதவு பட்டென்று திறந்துகொண்டது. நாலும் வெளியே.

கருப்பு மதில் தாண்டி ஜமுனா அக்கா வீட்டில் காய வைத்திருந்த மிளகாய் மேல் இறங்கியது. சாம்பல் சந்து வழியாக ஓடியது. அந்தச் சந்து கோழிக்கு மிகவும் வசதியாக இருக்கிறது. தெருநாய் ஒன்று கேட் பக்கம் வந்து நின்றுவிட்டது.

மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"மாப்ள, நீங்க அக்கட்டால மடக்குங். நான் இப்படிக்கா வர்றனுங்."

நான் மடக்கினேன். மாம்பழம் என் காலுக்குள் புகுந்து போனது.

"அட, காலச் சேத்து வெய்ங் மாப்ள."

மறுபடி வந்தது, மறுபடி போனது.

"அங்கெதுக்கு நிக்கறீங்க? நாயத் தொரத்துங். கல்ல எடுங். ஐயோ, கோழி மேல போடாதீங்."

அரக்கு முருங்கை மரத்தில் ஏறியது. நான் கிளையைப் பிடித்து ஆட்டினேன். முருங்கைக் கிளை முறிந்து, கிளையும் கோழியும் சேர்ந்து மாமா தலையில் விழுந்தன. கண்ணாடி கோணிக்கொண்டது. அந்த நிலையிலும் கோழியை விடாமல் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துக் கத்தினார்.

"ஏய்யா, கிறுக்கனாய்யா நீ? ஒரு கதவச் சாத்தத் துப்பில்ல, கெளைய ஆட்றயா? ஊருக்கெல்லாம் கண்ணாடி விக்கற, உன்ற கண்ணு எங்க போச்சு? நா இல்லீன்னா இந்த நாலும் ஒரு வாரந் தாங்குமாய்யா உன்ற கிட்ட?"

ஜமுனா அக்கா மதிலுக்கு மேல் கருப்பைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். வளர்மதி கையில் சாம்பலோடு நின்றாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னை ஒரு வார்த்தை மரியாதைக் குறைவாகப் பேசாத மனிதர் அவர். அவருக்கே அப்போதுதான் உறைத்தது போலிருக்கிறது. கோழியைக் கையில் வைத்துக்கொண்டு, "வாய் தவறிப் போச்சுங் மாப்ள. மனசுல வெச்சுக்காதீங்" என்றார். குரல் இறங்கிவிட்டது.

"நீங்க திட்டுனது சரிதானுங் மாமா" என்றேன். "எனக்குக் கதவு சாத்த வராது. நாளைக்கும் மறந்துருவேன்."

அவர் என்னையே பார்த்தார். கண்ணாடி இன்னும் கோணலாகத்தான் இருந்தது. நான் கிட்டே போய் அதைச் சரிசெய்து வைத்தேன். "ஆளப் பாரு" என்று சொல்லிக்கொண்டே அவர் அரக்கைக் கூண்டுக்குள் விட்டு, கொண்டியைப் போட்டார். போட்ட பிறகு ஒரு முறை இழுத்தும் பார்த்தார்.

மாம்பழத்தை ஜமுனா அக்கா வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கண்டுபிடித்தபோது பத்து மணி பஸ் போய்விட்டிருந்தது. அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று யாரும் கேட்கவில்லை. மதியம் வளர்மதி ஓசூர் முறுக்கை எடுத்து எங்கள் தட்டிலேயே வைத்தாள்.

ஜூலை 21, திங்கள்

காலையில் கடைக்குக் கிளம்பும்போது மாமா கொல்லையில் நின்று மகேந்திரனோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். காற்றில் அவனுக்குக் கேட்காது என்று நினைத்து உரக்கவே பேசினார். நானும் வளர்மதியும் அடுப்படி ஜன்னலோரம் நின்றோம்.

"இல்லப்பா. கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்குது. இங்க ஒரு ஆளுக்குக் கதவு சாத்தத் தெரியல. நாலு சீவனப் போட்டுட்டு நா எப்படி வர்றது? அதெல்லாம் யாரு என்ன சொன்னாச் சொல்லீட்டுப் போறாங்க. சொல்றவனா வந்து கோழி புடிப்பான்? நீ ஒன்னும் மனசுல வெச்சுக்காத சாமி, கட்டிலு அப்படியே கெடக்கட்டும். தீபாவளிக்கு வர்றேன். வந்து நாலு நாளு உங்கூட இருந்துபோட்டு, இங்க நம்ம ஊட்டுக்கு வந்துருவேன்."

வளர்மதி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பார்க்க விடாமல் முகத்தை என் முதுகில் புதைத்துக்கொண்டாள். கடை திறக்க நேரமாகிவிட்டது. நானும் அசையவில்லை.